கட்கி கோழிக்கால் சித்தர்

1999-ஆம் வருஷம். டிசம்பர் கடைசியில் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் ஒரே நொடியில் மண்டையைப் போடும் என்று படித்தவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். படிக்காதவர்கள் மட்டும் பயப்பட ஒன்றுமில்லாமல் எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்? அவர்களுடைய குறையைத் தீர்க்கத்தான் புனேயின் கட்கியில் கோழிக்கால் சித்தர் அவதரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். சிக்ஸ் சீட்டர் என்று பெயர் வைத்த வண்டியிலிருந்து பதினான்கு பேர் இறங்குவார்கள். பதினைந்தாவதாக டிரைவர் இறங்கி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவனும் வரிசையில் நிற்பான். கடக்வாஸ்லாவிலிருந்து வந்தார்கள், கோந்த்வாவிலிருந்து வந்தார்கள். கார் வைத்திருக்கிறவர்கள் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, பக்கத்தில் யாரையோ விசாரிக்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். ஒருவேளை பேய்க்குக் கார் நம்பர் தெரிந்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதையாக இருக்கலாம்.

ஆசிரமம் என்பது ரயில் தண்டவாளத்தை ஒட்டி, பழைய டயர் போட்டுவைத்த ஒரு தகரக் கொட்டகை. சித்தருக்குத் தாடி ஆறு மாத வயது. குரல் மட்டும் ஆயிரம் வருஷத்தது.

எந்த நோயானாலும் அது பேயின் வேலை என்பது சித்தரின் கட்சி. வைத்தியம் மிகவும் எளிது. எதிரே இருக்கிற சலீம் பாய் கடையில் ஒரு கறுப்புக் கோழி வாங்க வேண்டும். (அந்த வருஷம் சலீம் பாய் கடையில் வெள்ளைக் கோழியே கிடையாது. சில கோழிகள் மழையில் நனைந்தபோது வெளுத்ததாகச் சொல்வார்கள். அது பொறாமைக்காரர்கள் பேச்சு.) நோயாளியின் பெயரைச் சொல்லிக் கோழியைக் கொட்டகை வாசலிலேயே அறுத்து, தோலை உரித்து, ஒரு தொடையை மட்டும் வாழையிலையில் கொண்டுவந்து வைப்பார்கள். சித்தர் கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே எதையோ மென்று, ஒரு பிடி விபூதியை அதன்மேல் தூவுவார்.

உடலும் இல்லாத, தலையும் இல்லாத அந்தத் தொடை துடிக்கும்! முதலில் ஓர் ஓரத்தில் புழு நெளிகிற மாதிரி. பிறகு இலையே அசைகிற மாதிரி.

"வந்துட்டா!" என்பார் சித்தர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பிறகு ஒரு மணி நேரம் பஜனை. பஜனை முடிந்து பார்த்தால் அதே தொடை கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். "கட்டிட்டேன்!" என்பார். அதற்கு ஒரு சிவப்புக் கயிறு, ஐந்நூற்றொரு ரூபாய் காணிக்கை. பொழுது சாய்வதற்குள் முளா ஆற்றில் போட்டுவிட வேண்டும். வீட்டில் வைத்துக்கொண்டால் மறுநாள் கட்டு அவிழ்ந்து தொடை தொளதொளத்துப் போகும், பேய் இறங்கிவிடும் என்று எச்சரிக்கை. இந்த ஒரு விஷயத்தில் சித்தர் பொய் சொல்லவில்லை. மறுநாள் அது தொளதொளத்துத்தான் போகும். எந்தக் கோழியும் போகும்.

கண்ணால் பார்த்ததை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று கேட்டார்கள் ஜனங்கள். நியாயமான கேள்வி. கண்ணுக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவர் கலியன். ஊரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர். இருபத்திரண்டு வருஷமாகத் தவளை பிடித்து, தவளை வெட்டி, அதன் காலைக் கொக்கியில் மாட்டி மாணவர்களிடம் நீட்டுவது அவர் உத்தியோகம். கட்கித் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். குண்டு செய்கிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. தவளை வெட்டுகிறவனுக்கு என்ன இருக்கும்? 'தவளைக்காரர்' என்ற பட்டம்தான் இருந்தது. அதைக் கொடுத்ததே அவருடைய மைத்துனன், தொழிற்சாலையில் லேத் பிடிக்கிற ரமேஷ்.

கலியனுடைய மனைவி கிரிஜாவுக்கு ஜூன் மாதம் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு தொல்லை. உதடு மரத்துப்போகும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளே மடங்கி, கை கொக்கு மூக்கு மாதிரி கூம்பிக்கொள்ளும். அவளே நினைத்தாலும் பிரிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள், தினம் மூன்று வேளை. ஞாபகம் வந்த வேளைக்கு விழுங்கினாள். விழுங்காத அன்றைக்குக் கை மடங்கியது. ஆகவே மாத்திரை சரியில்லை என்று முடிவு கட்டினாள். குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போய் நனைந்தவன், குடை ஒழுகுகிறது என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனால் எப்படி? அப்படி.

ரமேஷ் அக்காவைச் சித்தரிடம் அழைத்துப் போனான். சித்தர் தழும்பைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "உன் கழுத்தை அறுத்த கத்தியிலே முன்னாடி ஒருத்தியை அறுத்திருக்காங்க. அவ பிழைக்கலை. இப்ப உன் கையைப் பிடிச்சுத் தொங்குறா. மூணு செவ்வாய், இருபத்தோரு நாள். அதுவரைக்கும் இங்கிலீஷ் மருந்து நாக்குலே படக்கூடாது. ஒவ்வொரு மாத்திரையும் அவளுக்குத்தான் தீனி."

முதல் செவ்வாய் முடிந்து கலியன் வீட்டுக்கு வந்தபோது மாத்திரை டப்பாவைக் காணோம்.

"எங்கடி வெச்ச?"

"சாமி படத்துக்குப் பின்னாடி."

"இன்னாத்துக்கு?"

"அவ கண்ணுலே படாம வெக்கச் சொன்னாரு."

"பேய்க்கு எட்டிப் பாக்கத் தெரியாதா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எம் பேரைச் சொன்னதும் அந்தக் கால் எப்படித் துள்ளிச்சு தெரியுமா? இந்த ரெண்டு கண்ணாலே பாத்தேன். நீங்களும் இருபத்திரண்டு வருஷமா தவளைக் காலை இழுத்துக்கினு கிடக்கீங்க. பொண்டாட்டி கையை நிமித்த முடிஞ்சுதா?"

கலியனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துடிக்கிற காலையா அவருக்குத் தெரியாது! வருஷா வருஷம் சாத்தாராவிலிருந்தும் லாத்தூரிலிருந்தும் வருகிற முதல் வருஷப் பிள்ளைகளை அலறவைக்க, வெட்டிவைத்த தவளைக் காலில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பது அவருடைய சொந்த விளையாட்டு. ஒரு வருஷம் ஒரு பையன் ஜன்னல் வழியாக வெளியே போனான். தரைத்தளம், ஒன்றும் ஆகவில்லை. இன்று அவன் நாக்பூரில் பெரிய எலும்பு டாக்டர்.

அவருக்குச் சிரிப்பு வராமல் போனதற்குக் காரணம் வேறு. ரத்தத்தில் கால்சியம் இறங்கிக்கொண்டே போனால் இன்றைக்குக் கையை இறுக்குவது நாளைக்குத் தொண்டையை இறுக்கும். தொண்டை மூடினால் மூச்சு நின்றுவிடும். இதுவும் அவர் ஆய்வுக்கூடத்தில் கேட்ட பாடம்தான்.

வீட்டிலேயே சித்தரின் குட்டை உடைத்துக் காட்டிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை சலீம் பாய் கடையில் ஒரு கோழியை அறுத்து வாங்கினார். தவளைக் காலை உப்புநீரில் போட்டுவைத்தால் பொழுது சாயும்வரை துடிக்கும். கோழியும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டு, வழியில் ஒரு கட்டிங் சாய், அதாவது அரை டம்ளர் டீ, குடித்தார். சாயோடு வெண்ணெய் தடவிய ஒரு பன் மஸ்காவும் ஆயிற்று. வீட்டுக்கு வந்து கிரிஜா, ரமேஷ், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் எல்லாரையும் உட்காரவைத்து, தட்டில் தொடையை வைத்து, உப்பைத் தூவினார்.

தொடை அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் தூவினார். தட்டைத் தட்டிப் பார்த்தார். சும்மா கிடந்தது.

"அப்படியே கொஞ்சம் மஞ்சளும் போட்டுடுங்க" என்றாள் கிரிஜா. "ராத்திரிக்கு ஆச்சு."

ரமேஷ் தோளில் தட்டிக்கொடுத்தான். "அரே மாமா, உப்பு இல்லே மாமா, மந்திரம்! தவளைக்கு வேற டிபார்ட்மெண்ட், பேய்க்கு வேற டிபார்ட்மெண்ட்!"

அதுவரைக்கும் முக்கால்வாசி நம்பிக்கையில் இருந்த கிரிஜா முழுசாக நம்பினாள். பயம் வந்த வேளைக்கு ஒன்றை ரகசியமாகவாவது விழுங்கிக்கொண்டிருந்தவள், சாமி படத்தின் பக்கமே போகவில்லை. சித்தருக்குக் காசில்லாமல் விளம்பரம் செய்து கொடுத்த பெருமை கலியனைச் சேர்ந்தது.

மறுநாள் அவர் சலீம் பாய் கடையில் போய்ச் சண்டை பிடித்தார். "செத்த கோழியைக் குடுத்திட்டியா பாய்?"

"யா அல்லா! உசுரோட இருக்கிற கோழியை யாராவது பொட்டலம் கட்டுவாங்களா கலியண்ணே?"

சலீம் பாயின் பெண்டாட்டி ஜமீலா உள்ளே இறக்கை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வாணியம்பாடிக்காரி. பேச்சும் கத்தியும் ஒரே கூர்மை. "அண்ணே, எவ்வளவு நேரம் கழிச்சு உப்பு போட்டீங்க?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"அப்புறம் எங்கேர்ந்து ஆடும்? அறுத்த சூட்டோட போட்டா ஆடும். நேரமாச்சுன்னா வெறைக்க ஆரம்பிச்சுடும். நான் இங்கே தினம் பாக்குறேனே. அந்தச் சாமி ஏன் கொட்டாயிலேயே அறுக்கச் சொல்றாருன்னு நினைச்சீங்க? ஆச்சாரமா?"

கலியன் அப்படியே கோழிக் கூண்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்த கோழிகள் ஆட்சேபித்தன. தவளை குளிர்ந்த பிராணி, சிக்கனமாகச் செலவழிக்கும். கோழி சூட்டுப் பிராணி, கையிருப்பை மளமளவென்று தீர்த்துவிடும் என்று வாய்விட்டே முணுமுணுத்தார். இருபத்திரண்டு வருஷம் தவளையோடு வாழ்ந்தவருக்கு உலகமே தவளையாகத் தெரிந்திருக்கிறது!

"என்ன கையிருப்பு?" என்றார் சலீம் பாய்.

"அது பெரிய கதை பாய். பாடம் நடக்கிறப்போ தவளைத் தட்டைப் பிடிச்சுக்கினு பின்னாலே நிப்பேன். இருபத்திரண்டு வருஷமா ஒரே பாடம், ஒரே ஜோக். கேளு. கிணத்துலே வாளி இழுக்கிறோம். எப்படி? ஒரு கை கயித்தைப் பிடிக்கும், இழுக்கும், விட்டுட்டு மேலே போய்ப் பிடிக்கும், மறுபடி இழுக்கும். சதைக்குள்ளே அதேதான். ஆக்டின்னு ஒரு நூலு, அதுதான் கயிறு. மயோசின்னு இன்னொரு நூலு, அதுலே நூத்துக்கணக்கிலே குட்டிக் கை முளைச்சிருக்கும். கையிங்க கயித்தைப் பிடிச்சுப் பிடிச்சு இழுக்கும். நூல் ஒண்ணும் சுருங்கறது இல்லே, ஒண்ணுக்குள்ளே ஒண்ணு வழுக்கிக்கினு போகுது. சதை குட்டையாவுது. நீ கத்தியைத் தூக்கறதும் அப்படித்தான்."

"எப்பவும் இழுத்துக்கினே இருக்காதா?"

"இருக்காது. கயித்துலே பிடிக்கிற இடத்தையெல்லாம் ஒரு உறை மூடிக்கினு இருக்கும். மூளைகிட்டேர்ந்து நரம்பு வழியா உத்தரவு வந்தா, சதைக்குள்ளே பதுங்கியிருக்கிற கால்சியம் வெளியே வந்து அந்த உறையை ஒதுக்கும். அப்பதான் பிடிக்க முடியும். அறுத்த சதை மேலே உப்பைப் போட்டா, உத்தரவு வந்த மாதிரியே அது ஏமாந்துடுது. ஆடுது."

"சதையே ஏமாறுதா?" என்றாள் ஜமீலா. "அப்ப மனுசன் ஏமாறுறதுலே என்ன அதிசயம்!"

"இதைவிட அதிசயம் இருக்குது. கை கயித்தைப் பிடிக்கறதுக்குச் சோறு கேக்காது. விடறதுக்குத்தான் கேக்கும். நாம தின்னுற சோத்துலேர்ந்து உடம்பு ஏ.டி.பி.ன்னு ஒரு சரக்கு தயார் பண்ணி வெச்சிருக்குது. அது ஒண்ணு வந்து ஒட்டினாத்தான் ஒரு கை பிடியை விடும். அதான் கையிருப்பு. செத்ததுக்கு அப்புறம் சரக்கு தீர்ந்துபோச்சுன்னா? பிடிச்ச கை பிடிச்சபடி நிக்கும். அதான் வெறைப்பு. சாமி கட்டுறதும் இல்லே, அவுக்கறதும் இல்லே. மறுநாள் சதை அழுக ஆரம்பிச்சதும் தானா தளந்துடும்."

சலீம் பாய் கத்தியைக் கீழே வைத்தார். முகம் வாடிப்போயிருந்தது. விஞ்ஞானத்தால் அல்ல, செவ்வாய்க்கிழமை வியாபாரத்தை நினைத்து. "சரி, இதெல்லாம் நமக்குள்ளே இருக்கட்டும்ணே."

"எதுக்கு நமக்குள்ளே இருக்கணும்?" என்றாள் ஜமீலா. "போன செவ்வாய் கிரிஜாக்காவை அந்த ஆளு வேகவேகமா மூச்சு விடச் சொன்னான். அந்தக்கா கை மடங்கி, தொண்டை கீச்கீச்சுன்னுச்சு. நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலே. நீங்க வியாபாரத்தைப் பாருங்க. நான் அந்தக்காவைப் பாக்குறேன்."

கலியனுக்குச் சுரீர் என்றது. தடதடவென்று மூச்சு விட்டால் யாருக்குமே கை இழுக்கும், பேய் வேண்டியதில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தவளுக்கு? சதைக்குள் பதுங்கியிருப்பது வேறு, ரத்தத்தில் இருக்கிற கால்சியம் நரம்புக்குக் காவல்காரன். காவல் குறைந்தால் நரம்பு யாரும் கேட்காமலே உத்தரவு போட்டுத் தள்ளும். சதை என்ன செய்யும்? வந்த உத்தரவுக்கெல்லாம் இறுகும்.

அடுத்த செவ்வாய், எட்டாவது நாள். போகாதே என்று காலையில் கலியன் கெஞ்சினார். "நேத்துலேர்ந்து உதடு மரத்துக் கிடக்குது. அவரைத்தான் பாக்கணும்" என்று கிளம்பிவிட்டாள். ரமேஷ் முன்னால், அவள் நடுவில், ஒரு காகிதப் பொட்டலத்தோடு கலியன் பின்னால்.

கொட்டகையில் மூச்சு விட இடமில்லை. சித்தர் கிரிஜாவை முன்னால் உட்காரவைத்தார். "மூச்சை இழு. விடு. வேகமா! அவளை வெளியே தள்ளு! இன்னும் வேகமா!" உடுக்கை ஒலித்தது. கிரிஜா இழுத்து இழுத்து விட்டாள். நாற்பதாவது மூச்சில் இரண்டு கையும் கூம்பிக்கொண்டன. கூட்டம் "ஆ!" என்றது. வாழையிலையில் தொடை வந்தது. சித்தரின் கை விபூதித் தட்டுக்குப் போயிற்று.

"சாமி!" என்று கும்பிட்டார் கலியன். "ஒரே ஒரு வேண்டுதல்."

"என்ன?"

"நம்ம முருகன் கோயில்லே என் பொண்டாட்டி பேருக்கு அர்ச்சனை பண்ணி விபூதி வாங்கியாந்தேன். உங்க மந்திரமே சொல்லுங்க. விபூதி மட்டும் முருகனோடதா இருக்கட்டும்."

சித்தர் பொட்டலத்தைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "என் விபூதி இமயமலையிலேர்ந்து வந்தது."

"முருகனோடது அதைவிடக் கம்மியா சாமி?"

பாவம், கலியன் மெதுவாகத்தான் கேட்டார். கூட்டத்துக்குத்தான் காது நீளம். "முருகன் விபூதியே போடுங்க சாமி!" என்று ஒரு கிழவர் கத்தினார். "வேல் வேல்!" என்று பின்வரிசை பிடித்துக்கொண்டது.

"ரெண்டையும் கலந்து போடலாம்" என்றார் சித்தர். ஆள் கெட்டிக்காரர்.

"முருகனோட இன்னொண்ணைக் கலக்கறதா?" என்று கலியன் காதைப் பொத்திக்கொண்டார். கூட்டமும் பொத்திக்கொண்டது.

வேறு வழியில்லை. சித்தர் முருகன் விபூதியை எடுத்தார். மந்திரத்தை இரண்டு மடங்கு சத்தமாகச் சொன்னார். தூவினார். தொடை தூங்கியது. மறுபடி தூவினார். திருநீறு பூசிக்கொண்டு சாதுவாகப் படுத்திருந்தது.

சித்தர் ஒரு நொடிதான் திணறினார். அடுத்த நொடி கையை உயர்த்தினார். "பார்த்தீங்களா! முருகன் பேரைக் கேட்டதுமே பயந்து ஓடிட்டா!"

"அரோகரா!" என்றது கூட்டம். முந்தினதைவிடப் பலமாக.

ஆடினால் பேய் வந்தது, ஆடாவிட்டால் பேய் போனது. இப்படி ஒரு தொழில் வேறு எங்கே உண்டு!

அப்போதுதான் வாசல் பக்கமாக ஒரு குரல் வந்தது. "வழி விடுங்க, வழி விடுங்க, சூடு ஆறிடப்போகுது!" ஜமீலா, தலையில் முக்காடு, கையில் ஓர் அலுமினியத் தட்டு. தட்டில் அப்போதுதான் உரித்த தொடைகள் ஆறு. "ஹோட்டல் ஆர்டர்" என்று கூட்டத்துக்கு விளக்கம் சொன்னாள். "எல்லாம் வெள்ளைக் கோழி. யார் பேரையும் சொல்லலே. பிஸ்மில்லா சொன்னதோட சரி." இடுப்பிலிருந்து உப்புப் பாக்கெட்டை எடுத்து, பல்லால் கிழித்து, தட்டு நிறையக் கொட்டினாள்.

ஆறு தொடையும் ஆடின. ஒன்று தட்டின் விளிம்பைத் தாண்டி முன்வரிசைக் கிழவரின் மடியில் போய் விழுந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். விழவில்லை. ஆனால் கிழவர் மட்டும் எழுந்து நின்றது நிஜம்.

"ஓடின பேய் இங்கே வந்துட்டுதா சாமி?" என்றாள் ஜமீலா. "ஒரு பேய்க்கு ஆறு காலா?"

"ஆமா! அவதான்! அங்கே பூந்துட்டா!" என்று சித்தர் தட்டைக் காட்டிக் கத்தினார்.

கூட்டம் தட்டைப் பார்த்தது. யாரும் கிரிஜாவைப் பார்க்கவில்லை. அவள் கூம்பிப்போன இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தாள். தொண்டையிலிருந்து குரல் வரவில்லை, கீச்சென்று காற்றுதான் வந்தது. அதிலேயே கேட்டாள்:

"அவ அங்கே ஆடுறான்னா... என் கை ஏன் இன்னும் பிரியலே?"



கலியன் சித்தரின் விபூதித் தட்டைத் தாவி எடுத்து, இமயமலை விபூதியில் விரலைத் தொட்டு மைத்துனன் வாயில் வைத்தார். ரமேஷின் முகம் கோணியது. "உப்பு மாமா! ஸாலா, முக்காவாசி உப்பு!"

அவன் சித்தரின் தாடியைப் பிடித்தான். லேத் பிடிக்கிற கை. பத்து நொடியில் அவதாரம் முடிந்தது. சித்தரின் பெயர் மகாதேவன். கடக்வாஸ்லா ரோட்டில் ஒரு மெஸ்ஸில் சமையல்காரர். ஒரு நாள் அப்போதுதான் அறுத்த கோழியில் உப்பைப் போட்டபோது அது துள்ளியது. கூட இருந்தவன் அலறிக்கொண்டு ஓடிவிட்டான். மகாதேவன் ஓடவில்லை. நின்று யோசித்தார். அங்கே யோசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதனால்தான் அவர் சாமியானார்.

கலியன் இதற்கெல்லாம் நிற்கவில்லை. கிரிஜாவைத் தூக்கிக்கொண்டு சிக்ஸ் சீட்டருக்கு ஓடினார். வரிசையில் நின்ற டிரைவர், முதல் தடவையாக ஆறு பேருக்குக் குறைவாக வண்டி ஓட்டினான். "மெதுவா மூச்சு விடுடி. மெதுவா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் கலியன். அவர் குரல்தான் வேகமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர். ஒரு ஊசியை எடுத்து, ரத்தக் குழாயில் கால்சியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார். பத்து நிமிஷம். கட்டைவிரல் முதலில் வெளியே வந்தது. பிறகு சுண்டுவிரல். பிறகு எல்லாம். உடுக்கை இல்லை, பஜனை இல்லை. கிரிஜா கையை விரித்தாள், மடக்கினாள், விரித்தாள். கலியன் சுவர் பக்கமாகத் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

"மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?" என்று டாக்டர் மராத்தியில் கேட்டார். கலியன் அதைக் கிரிஜாவுக்குத் தமிழில் சொன்னார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்:

"அவர்கிட்டே கேளுங்க, எதுக்கு மாத்திரைன்னு யாராவது சொன்னாங்களான்னு. சீட்டுலே இங்கிலீஷிலே கிறுக்கினாங்க. தினம் மூணுன்னு விரலைக் காட்டினாங்க. அந்தத் தாடிக்காரன் என்னை உக்கார வெச்சு, அரை மணி நேரம் தமிழிலே பேசினான்."

கலியன் அதை அப்படியே மொழிபெயர்த்தார். டாக்டர் காதைச் சொறிந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பிய கலியனுக்கும் காது அரித்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த பாடத்தைக் கோழிக் கடையில் சொன்னார். வீட்டில் ஒரு நாளாவது சொன்னாரா? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கயிறு, கை, உறை, கால்சியம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கிரிஜா நடுவில் பதினேழு கேள்வி கேட்டாள். மூன்றுக்கு அவருக்கே பதில் தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒன்றுக்கு அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கலியன் வீட்டு வாசலில் ஒரு மாருதி கார் நின்றது. ஹரீஷ், ராஜி என்று ஒரு ஜோடி. கோந்த்வாவில் வீடு, கம்பெனியில் உத்தியோகம், இருவருக்கும் கழுத்தில் அடையாள அட்டை. ராஜிக்கு ஆறு மாதமாகத் தோள்வலி. பின்சீட்டில் ஒரு கறுப்புக் கோழி, சீட் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தது.

"சித்தர் கொட்டகை பூட்டியிருந்தது" என்றான் ஹரீஷ். "விசாரித்தோம். மந்திரமே இல்லாமல் ஆறு காலை ஆடவைத்தவர் இங்கே இருக்கிறாராமே. சித்தரைவிடப் பவர்ஃபுல் என்றார்கள். அப்பாயின்ட்மென்ட் வேண்டுமா?"

ஜமீலாவின் ஆறு கால் தன் கணக்கில் ஏறிவிட்டதே என்று கலியன் தலையில் கையை வைத்துக்கொண்டார். கிரிஜா தண்ணீர் டம்ளரோடு வெளியே வந்தாள். மாத்திரையை அவர்கள் கண் முன்னாலேயே விழுங்கினாள். உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்தாள்.

"கையை நீட்டுங்க சார்."

அவன் பயபக்தியோடு நீட்டினான். முழங்கைக்குக் கீழே உப்பைத் தூவினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஆடலையே?" என்றான் ஹரீஷ், ஏமாற்றத்தோடு.

"ஆடாது. ஏன் ஆடலேன்னு கேளுங்க."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி கோழியைப் பார்த்தாள்.

"என்கிட்டே இல்லே சார். உங்களையே கேளுங்க" என்றாள் கிரிஜா. "அறுத்த கோழிச் சதை உப்புக்கு ஏமாறலாம், அதுக்குத் தலை இல்லே. உங்களுக்கு என்ன சார் கேடு?"